கனகர் பிடுங்கிய வயர்

இல்லை வாத்தியார், அது பிழை. "அமரர் கனகசபை தன் கையால் ஒரு கருவியையும் பழுதாக்கியதில்லை" என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மலருக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றைப் பழுதாக்கினார். புகை வரும்வரை பழுதாக்கினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்" என்பதும் பிழை. எனக்குச் சொன்ன சொற்களை இங்கே எழுதினால் இந்த மலரைச் சாமிப் படத்துக்குக் கிட்ட வைக்க முடியாது. நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள், எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அந்தத் துணிவில், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன். கனகரைத் தெரிந்தவர்கள் எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளவும்.

செய்தி வந்தபோது நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன். சண்டையில் கரண்ட் போய் நாலு வருடம். டைனமோவைச் சுற்றினால்தான் எங்கள் வீட்டு ரேடியோ செய்தி வாசிக்கும். எனக்குக் காது மந்தம் என்பதால் சுற்றுவது நான், கேட்பது மற்றவர்கள். மனைவி குனிந்து என் காதுக்குள், "கனகர் போயிட்டாராம்" என்றாள்.

"எங்கை?" என்று கேட்டேன்.

அவள் கையை மேலே காட்டினாள். விளங்கிவிட்டது. ரேடியோச் செய்தி முடியும்வரை சுற்றிவிட்டுத்தான் எழுந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அச்சுவேலிச் சந்தைக்கு எதிரில் கனகருக்கு ரேடியோ திருத்தும் கடை. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கியும் கொடுப்பார். பனையில் ஏறி ஹோர்ன் குழாயைக் கட்டுவது என் வேலை. இருபது வருடம் ஹோர்னுக்குக் கீழே இருந்ததில் என் காது போனது. கனகர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "மணியம், உம்மடை காதிலை ஒரு பழுதுமில்லை. ஆக்கள் சொல்லுறதைக் கேக்காத பழக்கம்தான் முத்திப் போச்சு" என்பார்.

எண்பத்தாறில் என் மகள் வதனாவிடமிருந்து ஜெர்மனியிலிருந்து ஒரு பொதி வந்தது. புகையிலைக்கடைச் சின்னத்துரையின் மகனைக் கலியாணம் செய்யத்தான் அவளை அங்கே அனுப்பினோம். கலியாண எழுத்து இன்னும் நடக்கவில்லை, பெடியனும் இருக்கிற அவன் தமக்கை வீட்டில் இருந்தாள். பொதிக்குள் ஒரு கசெட், ஒரு பெரிய ஹெட்போன், ஒரு துண்டுக் கடிதம். "அப்பா, இதைத் தனிய இருந்து கேளுங்கோ. அம்மாவும் வேண்டாம்."

என் காதுக்கு எட்டுமளவுக்குக் கசெட்டைப் போட்டால் நாலு வளவுக்குக் கேட்கும். பிள்ளை அதை யோசித்துத்தான் ஹெட்போனும் அனுப்பியிருக்கிறாள். ஆனால் என் கசெட் ரெக்கோடரில் பூட்டிப் பார்த்தால் நுளம்பு பாடுவதுபோல் இருந்தது. அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கினாளாம், ரேடியோ நிலையத்தில் கழித்த சாமான். கனகரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உது அறுநூறு ஓம்" என்றார்.

"என்ரை வீட்டிலை மனிசி வாயாலை ஒரு ஓம் வாங்க நான் படுற பாடு தெரியுமோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஸ்குரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ரண்டு பற்றரிக்கு உது அசையாது. கரண்டைத் தண்ணி எண்டு நினையும்: கன தண்ணி வேண்டாம் உதுக்கு, உயரத்திலை இருந்து விழவேணும். வால்வுதான் சரி."

கடையில் வால்வு அம்பிளிபயர் இரண்டு இருந்தன. ஒன்று திருவிழாவுக்குப் போகிற பெரியது, நாலு கண்ணாடி வால்வும் போத்தல் அளவு. மற்றது உடைந்த ரேடியோகிராமிலிருந்து கழற்றிய சின்னப் பெட்டி, விரலளவு வால்வு ஒன்று. நான் பெரியதைக் காட்டினேன்.

"உமக்குச் சத்தம் வேணுமோ, பேச்சு வேணுமோ?"

"ரண்டும்."

"பெரிசு இரையும். ஊருக்குக் கத்தப் பிறந்த சாமான் அது. சின்னனுக்கு டிரான்ஸ்போமர் சுத்தித் தாறன். மூண்டு நாள் பொறும்."

"பிள்ளை என்ன சொல்லுறாள் எண்டு தெரியாமல் மூண்டு நாளோ?"

"பிள்ளை போய் ஆறு மாதம் பொறுத்தனீர்தானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்கடைக்குப் போனார்.

நான் பெரியதைப் போட்டேன்.

இங்கேதான் தொழில்காரனின் புத்தி. வால்வு அம்பிளிபயரை ஹோர்ன் பூட்டாமல் போடக்கூடாது. சத்தத்துக்குப் போக வழியில்லாமல் டிரான்ஸ்போமர் எரிந்துவிடும். இருபது வருடம் கனகர் என் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது அது. ஆகவே ஹெட்போனைப் பூட்டுமுன் மறக்காமல், கடை வாசலில் சந்தையைப் பார்த்துத் தொங்கிய ஹோர்னையும் பூட்டினேன். பிறகு கசெட்டை ஓடவிட்டு, ஹெட்போனைக் காதில் இறுக்கிக் கண்ணை மூடினேன்.

"அப்பா, சுகமா இருக்கிறீங்களோ? நான் சொல்லப் போறதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் வதனா. சந்தை முழுவதற்கும் சொன்னாள். எனக்குத் தெரியாது. "அப்பா, நான் அந்த வீட்டை விட்டு வந்திட்டன்."

திடீரென்று பிள்ளையின் குரல் காதுக்குள் வீறிட்டது. பிறகு ஒன்றும் இல்லை. டிரான்ஸ்போமர் மெழுகு எரிகிற மணம் வந்தது. கண்ணைத் திறந்தேன். ஹோர்ன் வயரைப் பிடுங்கிய கையை உதறிக்கொண்டு கனகர் வாசலில் நின்றார். சுவிட்ச் என் காலடியில், உள்ளே. அதுவரை வந்தால் இன்னும் இரண்டு வசனம் வெளியே போயிருக்கும். வயர் கதவு நிலையோடு வந்தது, கைக்கு எட்டியது. தனக்குச் சோறு போடும் பெட்டி எரியும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பின் எனக்கு அவர் சொன்னவற்றைத்தான், வாத்தியார், எழுத முடியாது என்றேன்.

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள், என் காதுக்கும் எட்டுகிற சந்தைக் குரல்களோடு. கனகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரேடியோ நாடகம். பழைய கசெட், அறுந்து போச்சு" என்றார்.

"மிச்சத்தையும் போடுங்கோவன் கனகண்ணை!"

கூட்டத்துக்குள் பெடியனின் தகப்பன் சின்னத்துரையும் நின்றார். நான் கசெட்டைக் கழற்றி மடிக்குள் செருகினேன். "அது ஆற்றை குரல்? எங்கையோ கேட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"கொழும்பு ரேடியோவிலை நடிக்கிற பெட்டை. நெடுகக் கேக்கிறனீர்தானே" என்றார் கனகர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது சிவந்துவிட்டது.

"என்னெண்டாலும் பாவம்" என்றார் சின்னத்துரை. "நல்ல வீடெண்டால் ஏன் விட்டிட்டு வாறாள்?"

அதைச் சொல்லிவிட்டுப் புகையிலை சுற்றப் போனார். மூன்று மாதம் கழித்து, விஷயம் தெரிந்து அவர் என் வீட்டுப் படலையில் வந்து நின்று கத்தியபோது, அவருடைய இந்த வசனத்தை அவருக்கே திருப்பிச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கனகரின் பொய் வெளிப்படக்கூடாது என்று அடக்கினேன்.

அந்த வருடத் திருவிழாக்களுக்குக் கனகர் போகவில்லை. பெரிய பெட்டி எரிந்ததற்கு என்னிடம் ஒரு சதம் கேட்கவும் இல்லை. மூன்று நாளில் சொன்னபடி சின்னதை முடித்தார். என்னைப் பின்னறையில் இருத்தி, ஹெட்போன் தவிர வேறு எந்த வயரும் இல்லை என்று இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்தார்.

இரைச்சல் துளியும் இல்லை. வதனா மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. அந்தப் பெடியன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியில் பூட்டிவிட்டுப் போவானாம். வேறு ஊருக்குப் போய்விட்டாள், சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறாள். "அவையோடை போய் இரு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அப்பா." கசெட்டை இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். ஊர் எனக்குப் புத்தி சொல்ல வருமுன் என் சொந்தப் புத்தியில் அன்றே பதில் எழுதினேன். இருக்கிற இடத்தில் இரு, பிள்ளை.

அந்தச் சின்னப் பெட்டி இப்போதும் என் வீட்டில் இருக்கிறது, கரண்ட் வரட்டும் என்று. அதைவிடக் கனகருடையதாக நான் வைத்திருப்பது, அன்று அந்த அறையிலிருந்து நான் வெளியே வந்த நேரம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சந்தைக்குச் சொன்னது பொய்யென்றாலும், எனக்காகத் தன் தொழிலை எரித்தவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"பேச்சு தெளிவோ?" என்றார்.

"ஓம்."

"இரையுதோ?"

"இல்லை. கனகர், பிள்ளை என்ன சொன்னவள் எண்டால்…"

அவர் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார்.

"கேளுமன். அந்தப் பெடியன் கதவைப் பூட்டிப்போட்டு…"

றோட்டைக் கடந்து தேத்தண்ணிக்கடைக்குள் போய்விட்டார்.