வால் நீண்ட அடி

கம்ப்யூட்டரில் நடனப் பாட்டு அமைக்கிறவர் அவர். ஊரே ஆடும் பாட்டைப் போடுகிறவருக்கு உடம்பெல்லாம் பயம். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்.

பாட்டின் வேகத்தைக் கூட்டினால், தும் தும்மென்று இடிக்கும் கிக் டிரம் அடியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு அடியின் வாலாக நீளும் முழக்கம் அடங்குமுன் அடுத்தது வந்து விழும். அன்றைக்கு வேகத்தை நிமிஷத்துக்கு நூற்றிருபது அடியிலிருந்து நூற்றைம்பதுக்கு ஏற்றியவர், அடியைக் குறைக்க மறந்துபோனார். வீட்டிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அந்த வால் கேட்கவே இல்லை.

நடன அரங்கத்தில் ஒத்திகைக்குப் போட்டதும் கேட்டது. அடியாவது ஒன்றாவது, ஒரே உறுமல்! ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"தொலைஞ்சேன்க்கா," என்றார் அவர், துணைக்குக் கூட்டிவந்த அக்காவிடம்.

"வாயை மூடிட்டு நில்லு. முதலாளி வர்றாரு."

விறுவிறுவென்று வந்த அரங்க முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம்! இனிமே எல்லாப் பாட்டும் இப்படியே உறுமணும்!"

தப்பாகச் செய்துவிடுவோமோ என்று நாற்பது வருஷமாக நடுங்கியவர், அன்றிலிருந்து சரியாகச் செய்துவிடுவோமோ என்று நடுங்குகிறார்.