குழந்தைக்காக எடுத்து வைத்த சிலிண்டர்

தையல்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனால் அவள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சீருடைச் சட்டைக்குக் காலர் வைப்பாள், எழுந்து போய் நூல் எடுப்பாள், எந்த மெஷினில் பெல்ட் நழுவினாலும் முதலில் ஓடுவாள். இரண்டாவது குழந்தை வயிற்றில் வந்த பிறகும் இந்த ஓட்டம் குறையவில்லை.

"ஏண்டி, உள்ள இருக்கிறதுக்குத் தலை சுத்தாதா?" என்பாள் பக்கத்து மெஷின்காரி.

"சுத்தட்டும். இந்த வீட்டுக்கு வரப்போகுதுல்ல, இப்பவே பழகட்டும்."

அப்படிப்பட்டவள் அன்று காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துத் தைத்தாள். மறுபடியும் தலைகீழ்.

காலையில் சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவள் வயிற்றின் மேல் அளவு நாடாவை இழுத்துப் பிடித்திருந்தாள். நாடாவை எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கத் தெரிந்தவளிடம் எதை மறைக்க முடியும்? போன மாதம் நின்ற கோட்டைவிட்டு அது ஏறவே இல்லை.

"பிள்ளை வளரலையா சிஸ்டர்?"

"வளருது அக்கா, மெதுவா. நல்லாச் சாப்பிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுப் பக்கம் வர்றேன்."

மூத்தவளும் இப்படித்தான் வந்தாள், எடையில்லாமல், நாள் நிறையாமல். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பிள்ளையைத் தொடுவதற்குப் பம்பரம் தன் முறை வரும்வரை காத்திருந்தாள். இன்றும் குளிர்காற்று பட்டால் மூத்தவளுக்கு மூச்சு இழுக்கிறது. இன்னொரு முறை அந்தப் பெட்டிக்கு வெளியே நிற்கப் பம்பரத்துக்குத் தெம்பில்லை. அதனால் பசிக்காவிட்டாலும் சாப்பிட்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிட்டாள்.

மறுநாள் வாசலில் கால் வைத்ததுமே நர்ஸுக்கு இருமல் வந்துவிட்டது. ஒரே அறை. ஒரு மூலையில் படுக்கை, எதிர்மூலையில் அடுப்பு. கணவன் கதவு, அலமாரி செய்கிற பட்டறையில் தச்சன். மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவருவான். தகர டப்பாவின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக அடைத்து, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே கொளுத்தினால் அடுப்பு நெடுநேரம் கனலும். பசை கலந்த பலகைத் தூள் என்றால் கண்ணைத் திறக்க முடியாது. காற்று வந்தால் சாம்பல் பறக்கிறது என்று பம்பரம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

நர்ஸ் அலமாரிக்குக் கீழே பார்த்தாள். பழைய போர்வையால் பொதிந்து, சீல் உடைக்காத சிலிண்டர். பக்கத்தில் துடைத்து வைத்த கேஸ் அடுப்பு.

"இது என்னக்கா, காட்சிக்கா?"

"ஐயோ, அதுல கை வைக்கக் கூடாது. பிள்ளைக்கு எடுத்து வச்சிருக்கேன்."

காரணம் இருந்தது. மூத்தவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கேஸ் தீர்ந்துபோனது. சிலிண்டர் வண்டி எப்போது வரும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. வெந்நீருக்கு மரத்தூளைக் கொளுத்தினார்கள். பச்சைப்பிள்ளை புகையில் திணறியது. அடுத்த பிள்ளைக்கு ஒரு பொட்டுப் புகை படக் கூடாது என்று அன்று எடுத்த முடிவு. அதற்காகவே இத்தனை மாதமும் மரத்தூளில் சமைத்தாள்.

நர்ஸ் இருமி முடித்தாள். "அக்கா, பிள்ளை இப்பவே இங்கதானே இருக்கு, உங்ககூட! நீங்க இழுக்கிற மூச்சுலதான் அதுக்கும் காத்து. புகை உங்க ரத்தத்துல போய், காத்து உட்கார வேண்டிய எடத்துல உட்கார்ந்துக்குது. பிள்ளைக்குப் போய்ச் சேர்றது குறையுது. இதனாலயும் எடை ஏறாம இருக்கலாம்."

பம்பரம் நின்றுவிட்டாள். "அப்போ மூத்தவ... அப்பவும் பாதி நாள் இந்த அடுப்புதான்..."

"அதுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. போனதைத் திருப்ப முடியாதுக்கா. மிச்ச மாசம் நம்ம கையில இருக்கு."

தச்சன் வந்தபோது டப்பா அடுப்பு பின்வாசலில் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நீலத் தீயில் சோறு கொதித்தது.

"பிள்ளை வர்றப்போ தீர்ந்துட்டா என்ன பண்ணுவே?"

"இப்பவே மூச்சு முட்டி வந்துச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

 அன்றிலிருந்து அவன் தினமும் வேலைவிட்டு வந்ததும், கேஸ் எவ்வளவு மிச்சம் என்று சிலிண்டரைத் தட்டிப் பார்த்தான். "ஏங்க, அது என்ன தர்பூசணியா?" என்று அவள் சிரிப்பாள். ராத்திரி அவன் அசந்த பிறகு அவளே போய்த் தட்டுவாள். அடுத்த சோதனையில் நாடா ஏறியது, கொஞ்சம்தான். அதற்குப் பின் வயிற்றில் உதை நின்றாலும் பயம், அதிகமானாலும் பயம்.

வலி எடுத்தது ஒரு மதியத்தில். சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். குழந்தை வெளியே வந்ததும் ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை. "எடை?"

"இருங்கக்கா, இது உதைக்கிற உதையில தராசு முள்ளு நிக்க மாட்டேங்குது." நர்ஸ் ஒரு கையால் பிள்ளையின் காலை அமுக்கினாள். "சின்னதுதான். ஆனா பெட்டி வேண்டாம். உங்க மடியிலயே இருக்கட்டும்."

பம்பரம் குழந்தையை வாங்கி, அதன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு சற்றுத் தாமதித்தாலும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

சாயங்காலம் தச்சன் பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். பிள்ளையைத் தூக்கக் குனிந்தான். பம்பரம் மூக்கைச் சுளித்தாள்.

"சட்டை என்ன வாடை அடிக்குது?"

"இவளுக்குக் கொஞ்சம் சோறு வச்சேன். நீ வர்றதுக்குள்ள கேஸ் தீர்ந்துடக் கூடாதேன்னு..."

"எங்க வச்சு மூட்டினீங்க?"

"மழை தூறிச்சு. உள்ளதான்."

பெரியவள் இருமினாள். பம்பரம் குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பெரியவ என்கூட இருக்கட்டும். நீங்க போய் ஜன்னலைத் திறந்துட்டு, அந்த டப்பாவைப் பட்டறையிலயே போட்டுட்டு, குளிச்சுட்டு வாங்க. அப்புறம் தூக்கலாம்."

"ஒரே ஒரு தரம் முகத்தை..."

"போங்க சொல்றேன்!"

அவன் போனான். அவள் பெரியவளைக் கட்டிலில் ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பிள்ளையின் மூச்சையும் கேட்கத் தொடங்கினாள்.