அப்பா அக்காவுக்குச் செய்த மெட்டி

அப்பா வெள்ளி ஆசாரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர். சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. அதன் முன்னறைதான் பட்டறை. கொலுசும் அரைஞாணும் மெட்டியும் அங்கேதான் உருவாகும். சமையலறைப் புகையை விடப் பட்டறையின் கரிப்புகைதான் எங்கள் துணிகளில் அதிகம் இருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மெட்டிக்கு அளவெடுக்க அப்பா அவள் கால்விரலில் நூலைச் சுற்றினார். அக்கா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஆட்டாதம்மா, அளவு தப்பிப் போகும்."

வெள்ளியை உருக்கிக் கம்பியாக அடித்து, இரும்பு அச்சில் இருக்கும் துளைகள் வழியே இழுத்தார். முதலில் பெரிய துளை, பிறகு அதைவிடச் சிறியது. இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துக்கொள்ளும். தணலில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். மெலிந்த இரண்டு கம்பிகளைச் சடைபோல் முறுக்கி வளைத்து, மேலே கடுகளவு வெள்ளி மணிகளை வைத்துப் பற்றவைத்தார். அடுத்தவர் வீட்டுக்கு அரை நாளில் முடித்துக் கொடுக்கிற வேலை. அக்காவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்துக் கழுவி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தபோது, அப்பாவின் முகத்தில் நான் பார்த்திராத ஒரு வெட்கம் இருந்தது.

அத்தான் ஓட்டலில் வேலை பார்த்தவர். அடுத்த வருஷமே கல்ஃப் ஆசை அவரையும் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. பம்பாய் போய் அங்கிருந்து கள்ளத்தனமாக ஆள் ஏற்றிப் போகும் லாஞ்சுப் படகில் ஏறுவதாக ஏற்பாடு. தம்பானூர் ஸ்டேஷனில் அக்காவிடம், "ரெண்டே வருஷம். வந்து சொந்தமா ஒரு சாயாக்கடை போட்டிருவோம்" என்றார். பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அக்கா எங்களோடு வந்து இருந்தாள். சாலையில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை. நடந்து நடந்து மெட்டியின் அடிப்பக்கம் தேய்ந்துபோகும். கம்பி விட்டுப்போனால் கழற்றி அப்பாவிடம் கொடுப்பாள். கொடுத்த கையோடு விரலில் மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். விரல் வெறுமையாக இருக்க அவள் விட்டதே இல்லை. அப்பாவும் ஒவ்வொரு முறையும் புது வெள்ளி சேர்த்து ஒட்டிக் கொடுத்தார்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "இன்னும் எத்தன நாளைக்கு இத ஒட்டி ஒட்டிக் குடுப்பிய? அவ வயசு போகுதுல்லா?"

"அவ கேக்குதா, நான் செய்யுதேன்" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்: "அவரு செத்தத பாத்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்மா. அப்பக் கழட்டுதேன்."

சில வருஷங்கள் கழித்து அப்படி ஒருவர் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வித்துரா என்கிற ஊர்க்காரர், வெள்ளி ஆசாரி வீடு எது என்று சாலை முழுக்க விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். அத்தானோடு அதே லாஞ்சில் போனவர். மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். கரை தூரத்தில் தெரிகிற இடத்தில் லாஞ்சை நிறுத்தி, எல்லோரையும் கடலில் இறங்கி நீந்திப் போகச் சொன்னார்களாம். அத்தான் அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கரையேறித் திரும்பிப் பார்த்தால் இல்லை. இவரும் பிடிபட்டு ஜெயிலில் இருந்து, பிறகு அங்கேயே வேலை தேடிக்கொண்டு, இப்போதுதான் ஊருக்கு வந்தாராம்.

"சேச்சி க்ஷமிக்கணும். எழுதணும்னு பல தடவ நினைச்சு. கை வந்தில்ல."

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "அவருக்கு நீந்தத் தெரியாதே. குதிச்சாரா, தள்ளிவிட்டாங்களா?"

அம்மா வைத்த சாயாவைக் குடிக்காமலே அவர் எழுந்து போனார்.

அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. பட்டறையில் போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். வருஷக்கணக்காக நின்று நின்று விரல்கள் தடித்திருந்தன. சோப்புத் தண்ணீர் போட்டும் மெட்டி அசையவில்லை.

"வெட்டிருங்கப்பா."

கத்தரியின் நுனி தோலுக்கும் கம்பிக்கும் நடுவில் நுழையவில்லை. அப்பா மெல்லிய தகடு ஒன்றை உள்ளே செருகிக்கொண்டு அரத்தால் ராவினார். வெள்ளித் தூள் அவள் பாதத்தில் உதிர்ந்தது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்லப்பா" என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மெட்டி கழன்றது. அடுத்த காலில் அப்பாவுக்கு இரண்டு முறை அரம் நழுவியது. அக்கா அவர் கையிலிருந்து அதை வாங்கி, குனிந்து, தானே ராவி முடித்தாள். பிறகு இரண்டையும் அவர் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினாள். விரல்களைச் சுற்றி வெளுத்த தடம் தெரிந்தது. கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த மாதமே ஒரு கல்யாண வீட்டார் மெட்டிக்குச் சொல்ல வந்தார்கள். அப்பா நிமிராமல், "மெட்டி செய்யுததில்ல" என்று அடுத்த தெரு ஆசாரியிடம் அனுப்பினார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கண் தெரிகிறவரை கொலுசும் அரைஞாணும் செய்தார், மெட்டி செய்யவில்லை.

என் கல்யாணத்துக்கும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காதான் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக என் விரலில் போட்டுப் பார்த்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்று அவள் மண்டபத்துக்கு வரவில்லை.