டாக்டரிடம் நான் மறைத்த காய்ச்சல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அது. கல்வராயன் மலையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்துவிட்டு ஸ்கூட்டியில் இறங்கிக்கொண்டிருந்தேன். நான் கிராம சுகாதார நர்ஸ். வீடு வடக்கனந்தலில், வேலையெல்லாம் மலையில். ஒரு வளைவில் மழைத்தண்ணீர் சரளையை அடித்துக்கொண்டு வந்து ரோட்டில் போட்டிருந்தது. வண்டி சறுக்கியதுதான் தெரியும். வலது முழங்கால் நேராகப் பாறையில் போய் இடித்தது.

கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வலி போகவில்லை. மாதக்கணக்கில் முட்டி வீங்குவதும் வடிவதுமாகவே இருந்தது. குழந்தையை எடை போடக் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது உள்ளே ஏதோ சிக்கிக்கொள்ளும். வண்டி போகாத குக்கிராமங்களுக்கு நடந்துதான் போகவேண்டும். பாதி வழியில் கால் மடங்கி, காட்டுப்பாதையில் தனியாக உட்கார்ந்து அழுத நாளும் உண்டு.

கடைசியில் சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். தொடை எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. "குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாதும்மா. தோல் மாதிரி தானா ஆறாது" என்றார் டாக்டர். அவர் சொன்ன வைத்தியம் எனக்கே புதிதாக இருந்தது. முட்டியில் பாரம் படாத இடத்திலிருந்து அரிசி அளவுக்குக் குருத்தெலும்பைக் கிள்ளி எடுப்பார்களாம். அதிலிருக்கிற செல்களை ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்குவார்களாம். பிறகு மறுபடியும் ஆபரேஷன் செய்து, அந்தச் செல்களைப் பசை மாதிரி ஒன்றில் கலந்து பள்ளத்தில் நிரப்பிவிடுவார்களாம்.

முதல் ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. அடுத்து வந்த வாரங்கள்தான் பெரும்பாடு. என் உடம்பின் ஒரு துணுக்கு எங்கேயோ ஒரு கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே இருந்தேன். பிரசவத்துக்கு நாள் எண்ணுகிற பெண்கள் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னவள், நானே காலண்டரைக் கிழிக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன் அடித்தால் "செல் வளரல" என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பேன்.

நல்லபடியாக வளர்ந்துவிட்டது. ஒரு புதன்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்கள். "செல்லு பெட்டியில ஏறிடுச்சுன்னா ரெண்டு நாளைக்குள்ள உள்ள வெச்சாகணும். காத்திருக்க முடியாது" என்று டாக்டர் சொன்னது மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

அதற்கு நான்கு நாள் இருக்கும்போது, வலது கடைவாய்ப் பல்லில் லேசாக வலி ஆரம்பித்தது. கிராம்பை அடக்கிக்கொண்டேன். மறுநாள் ஈறு வீங்கிவிட்டது. சாயந்திரமானால் உடம்பு கதகதவென்று சுட்டது.

எனக்குத் தெரியாதா? உடம்பில் எங்கே சீழ் இருந்தாலும் அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறி, புதிதாக வைத்த இடத்தில் போய் உட்காரலாம். எல்லாம் தெரியும். ஆனால் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள், தள்ளி வைத்தால் செல்கள் வீணாகும். பல் எங்கே இருக்கிறது, முட்டி எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் டாக்டர் வரிசையாகக் கேட்டார். சளி இருக்கிறதா, நீர்க்கடுப்பு இருக்கிறதா, பல்வலி, காய்ச்சல் ஏதாவது?

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். பத்து நிமிடத்துக்கு முன்புதான் ஒரு பாராசிட்டமால் போட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மரவள்ளி விவசாயம் பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். ராத்திரி சாப்பாட்டின்போது என் முகத்தையே பார்த்தார். "இன்னா, ஒரு பக்கமாவே மென்னுகினு இருக்க?" என்றார். "பயம்தாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

புதன்கிழமை விடியற்காலையில் மறுபடி உடம்பு சுட்டது. தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாத்ரூமுக்குள் போய், ஒரு வாய்த் தண்ணீரில் இன்னொரு மாத்திரையை விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து சூடு பார்த்தபோது நார்மல். அவள் அதை எழுதிக்கொண்டு போனாள்.

எட்டரை மணி இருக்கும். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் வெள்ளைப் பெட்டியோடு வந்துவிட்டார் என்று சொன்னார்கள். எனக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். அப்போது வீட்டுக்காரர் கையிலிருந்த என் போன் அடித்தது. மலையிலிருந்து ஒரு பெண். பத்து மாதக் குழந்தையின் அம்மா. புதன்கிழமைதான் மலையில் தடுப்பூசி நாள்; அன்று எனக்குப் பதிலாக வேறொரு நர்ஸ் ஊசி போட வந்திருந்தார்.

"நர்சம்மா, ராத்திரியெல்லாம் பாப்பாவுக்கு ஒடம்பு அனலா கொதிச்சுது. காலையில மருந்து ஊத்துனேன், இப்ப சூடு இல்ல. சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. மறுபடி இம்மாந்தூரம் தூக்கிகினு வரணும். சொல்லாம போட்டுக்கட்டுங்களா?"

யோசிக்கவே இல்லை, வழக்கம்போலச் சத்தம் போட்டேன். "ஏம்மா, மருந்த ஊத்தி சூட்ட அமுக்கிட்டா நோவு போயிடுச்சா? யாருகிட்ட மறைக்கிற? கஷ்டப்படப் போறது உன் கொழந்ததானே!"

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். என் காதில் விழவில்லை. நான் சொன்ன வார்த்தைதான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. "பாப்பாவ இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டும்மா, ஊசிய அப்புறம் போட்டுக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. படுத்துக்கொண்டேன். நாலடி தள்ளியிருப்பார்கள். "நிறுத்துங்க, டாக்டரக் கூப்பிடுங்க" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் வந்தார். பல், காய்ச்சல், மாத்திரை, விடியற்காலையில் குடித்த தண்ணீர், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டார்ச் அடித்து ஈறை அழுத்தினார். சீழ் வந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நேத்து கேட்டேனேம்மா. நீங்களும் நர்ஸுதானே?" என்று மட்டும் சொன்னார்.

"அந்தச் செல்லெல்லாம், டாக்டர்?"

"பெட்டியில வந்தது இனி உதவாது. வேற ஏதாவது மிச்சம் வெச்சிருக்காங்களான்னு கேக்குறேன்."

கதவு வழியாகப் பார்த்தேன். அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்துபோனார். என் உடம்பிலிருந்து எடுத்தது, இத்தனை வாரம் யார் யாரோ கண்ணும் கருத்துமாக வளர்த்தது, என் பொய்யால் குப்பைக்குப் போகிறது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பல்லு வலிக்குதுன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

அன்று பல் டாக்டர் வந்து சீழை எடுத்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வருவதற்குள் சாயந்திரமாகிவிட்டது. அந்த எட்டு மணி நேரமும் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் டாக்டரே வந்து சொன்னார். முதல் தடவை வளர்க்கும்போதே பாதியில் எடுத்த செல்களில் கொஞ்சத்தை உறைய வைத்திருக்கிறார்கள். அவற்றை மறுபடி வளர்த்துப் பார்க்கலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை.

திரும்பவும் காத்திருப்பு, திரும்பவும் போன் அடித்தால் பயம். ஆனால் செல்கள் வளர்ந்துவிட்டன. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தது. அன்று காலையில் டாக்டர் கேட்பதற்கு முன்பே, முதல் நாள் சாயந்திரம் இரண்டு தும்மல் போட்டதைக்கூடச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆறு வாரம் காலை ஊன்றாமல் ஊன்றுகோலோடு இருந்து, பிறகு மெல்ல மெல்ல நடந்து, ஒரு வருடத்தில் மலைக்குத் திரும்பினேன். செங்குத்தான ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் வலிக்கும். ஆனால் கால் மடங்குவதில்லை.

முன்பெல்லாம் எந்த அம்மாவாவது எதையாவது மறைத்தால், பொறுப்பில்லாதவள் என்று நினைத்துத் திட்டுவேன். பயத்தில்தான் மறைக்கிறார்கள் என்பது நானே மறைத்த பிறகுதான் புரிந்தது. இப்போது யாராவது தலையைக் குனிந்துகொண்டு "ஒண்ணுமில்ல நர்சம்மா" என்றால், ஊசியைக் கையில் எடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, இன்னொரு முறை கேட்கிறேன்.