கருவாட்டுக் கொட்டகையில் ரங்கூன் செய்தி

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில், ராயபுரத்தில் எங்கள் கருவாட்டுக் கொட்டகைக்குச் செய்தி வந்த விதமே தனி. வண்ணாரப்பேட்டையிலிருந்து எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கூடையில் ஓர் அடுக்கு கருவாடு, ஓர் அடுக்கு பேப்பர் என்று வைத்து வெளியூருக்கு அனுப்புவோம். அங்கே இருந்த இருபது பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனவள். நான் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். என் பங்குக் கருவாட்டை மற்றவர்கள் பிரித்து அடுக்கிவிடுவார்கள். பத்து நாள், இருபது நாள் பழைய செய்திதான். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. யாரோ ஒரு துரையின் நாய் காணாமல் போன விளம்பரத்தைப் படித்தபோது, அந்த நாய் இந்நேரம் வீடு திரும்பியிருக்கும் என்று தெரிந்தும் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினோம்.

எனக்கு அதில் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்த மாட்டேன். ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போவேன். ஒருத்திக்கும் தெரியாது.

நாற்பத்திரண்டாம் வருஷம் பங்குனிக் கடைசியில் ஊர் காலியாகத் தொடங்கியது. ஜப்பான்காரன் கப்பலோடு வருகிறான், துறைமுகத்தின் மேல்தான் முதல் குண்டு என்றார்கள். ஊரில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியூருக்குப் போய்விடுவது நல்லது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. நாங்களோ துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம். கொட்டகையில் இருபது பேர் எட்டுப் பேராகக் குறைந்தோம்.

அந்த எட்டில் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கப் போனவன். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. கப்பலில் வந்து இறங்கினால் நேரே வீட்டுக்குத்தான் வருவான், வீடு பூட்டிக் கிடந்தால் எங்கே போவான் என்பது அவள் கவலை. வள்ளூரிலிருந்து அவள் அண்ணன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டான்.

"இன்னாமே, ஊரே ஓடிகினு கீது, நீ இன்னும் கருவாட்ட பிரிச்சிகினு கீற? ஏறு வண்டில."

அவள் எழுந்திருக்கவில்லை. அன்று வந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினாள்.

"யக்கா, இத்த படி. ரங்கூன்னு எதுனா கீதா பாரு. கப்பல் வராதுன்னு போட்டிருந்தா ஏறிக்கிறேன்."

தலைப்புப் பக்கம் கிழிந்திருந்தது. தேதி இல்லை. நடுவில் ரங்கூன் என்ற எழுத்தைப் பார்த்ததும் குரலை உயர்த்திப் படித்தேன். ரங்கூனிலிருந்து இந்தியர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து சேருகிறார்கள், இன்னும் பலர் வருவார்கள் என்று போட்டிருந்தது. அவள் முகம் மலர்ந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"கேட்டியாண்ணா? நான் வர்ல. அவரு வந்துகினு கீறாரு."

அந்தச் சமயத்தில் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்கு வரும் ஜனங்களுக்கு ஓர் அறிவிப்பு. திருவிழா இனிமேல்தான் நடக்கப் போகிறதாம். நாங்களோ மாசித் தேரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கப்பல் செய்தியும் அந்த வயசுதான்.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அண்ணன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"கருவாடு சுத்துற பேப்பர படிச்சிட்டு பெரிய கலெக்டரு கணக்கா பேசுறா. இவ பேச்ச கேட்டு என் தங்கச்சி சாவணுமா?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் எட்டுப் பேருக்கு நடுவில் கேட்டுவிட்டானே! எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் படித்தது தப்பு என்று அவன் முன்னால் ஒப்புக்கொள்வதா? தாளை மடித்துக் கூடையில் போட்டு, அதன் மேல் கருவாட்டை அடுக்கினேன். அவன் திட்டிக்கொண்டே வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் என் புருஷன் என்னையும் கூட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். புறப்படும் முன் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு வீடு தள்ளித்தான். போகவில்லை. போன இடத்தில் தினம் ஒரு புரளி வரும். ராயபுரம் தரைமட்டம் என்று ஒருவன் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கொன்றது ஜப்பான்காரன் அல்ல, நான்தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். குண்டு எதுவும் விழவில்லை. மூட்டையைக்கூட இறக்காமல் அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. பாயில் எலும்பும் தோலுமாக ஓர் ஆள், இரண்டு காலிலும் துணிக்கட்டு. அவள் புருஷன்தான்! என்னைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நீ அன்னிக்கு படிக்கலன்னா நான் வள்ளூருக்கு போயிருப்பேன். இவரு ஜொரத்தோட வாசல்ல வந்து வுழுந்தாரு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. நான் மட்டும் இல்லன்னா அங்கயே செத்திருப்பாரு. நீ சொன்ன கப்பல்தான்க்கா இவர கொண்டாந்துச்சு."

பாயில் கிடந்தவன் தலையைத் திருப்பினான். "இன்னா கப்பலு? மாசிலயே எல்லாம் நின்னு போச்சு. நான் மலையேறி நடந்து, கல்கத்தாலேர்ந்து ரயில்ல வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் நன்றி எனக்குத்தான். என்னால் முடியவில்லை.

"அது பழைய பேப்பரு. படிச்சப்புறம் எனக்கே தெரிஞ்சிச்சு."

"எப்போ? உங்க ஊருக்கு போனப்புறமா?"

"இல்ல. உங்கண்ணன் வண்டி வாசல்ல நிக்கறப்பவே."

அவள் என் கையை விட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"குண்டு போட்டிருந்தா இத்த யார்கிட்டக்கா வந்து சொல்லியிருப்ப?"

 அவள் தன் புருஷனுக்குக் கஞ்சி எடுக்க அடுப்பங்கரைக்குப் போனாள். நான் வீட்டுக்குத் திரும்பி மூட்டையை இறக்கினேன்.