பனியன் வேஸ்டும் ஒரு மயிலைப் பசுவும்: திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனிக்கிழமை திருப்பூருக்குப் போனேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழியாக இருந்த ஜெசிந்தா, இப்போது சிஸ்டர் ஜெசிந்தா, அங்கே ஐந்து வருடமாக இருக்கிறாள். அவள் கூப்பிடுவதும் நான் சாக்குச் சொல்வதுமாகவே காலம் ஓடிவிட்டது. இந்தத் தடவை, "ஏட்டி கலா, ஞாயித்துக்கிழமை எங்க தோட்டத்துக்கு வந்து பாரு, ஒன் பிளாக்குல எழுதலாம்" என்று ஆசை காட்டினாள். தூத்துக்குடிப் பேச்சை மட்டும் எந்த மடமும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை. எழுத விஷயம் கிடைத்தது, ஆனால் அவள் நினைத்த விஷயம் அல்ல.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காலை 6.10க்குப் பேருந்து. கரூர், வெள்ளகோவில், காங்கேயம் வழியாகச் சுமார் 175 கிலோமீட்டர். டிக்கெட்டுக்கு 150 ரூபாய் கொடுத்தேன், 10.55க்கு இறங்கினேன். வெள்ளகோவிலில் பத்து நிமிடம் நின்றது. அங்கேயே டீ குடித்துவிடுங்கள், அப்புறம் ஓட்டுநர் எங்கும் நிறுத்துவதாக இல்லை. திருப்பூர் பேருந்து நிலையத்திலிருந்து சிஸ்டர்கள் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 200 கேட்டார், 150க்குப் பேசி ஏறினேன். முகவரியைச் சொன்னதும், தன் மனைவிக்குப் பிரசவ லீவு வாங்கித் தந்தது அந்த சிஸ்டர்கள்தான் என்றார். ஆனாலும் 150ல் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

வாடகை வீட்டில் நான்கு சிஸ்டர்கள். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மனு எழுதித் தருவது, சூப்பர்வைசர் மீது புகார் சொல்லப் பயப்படுகிறவர்களோடு துணைக்குப் போவது, கம்பெனி ஹாஸ்டல்களில் பெண்களைப் பூட்டி வைத்தால் வார்டனிடம் நியாயம் கேட்பது ஆகியவை வாரநாள் வேலை. சாயத் தண்ணீர் கிணற்றில் இறங்கிவிட்டது என்று வரும் விவசாயிகளுக்கும் இவர்கள்தான் எழுதித் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டம். காங்கேயம் சாலையில் பதினான்கு கிலோமீட்டர் தாண்டி, செல்லமுத்து என்ற விவசாயி மூன்று வருடம் முன்பு ஒன்றரை ஏக்கரைக் குத்தகை இல்லாமல் விட்டுக் கொடுத்திருக்கிறார். ஹாஸ்டல்களிலிருந்து ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் இருபது பேர் வந்து காய்கறி போடுகிறார்கள். மற்ற நேரம் கடைக்குப் போகக்கூடக் கணக்குப் பார்த்து விடும் வார்டன்கள், சிஸ்டர் கையெழுத்துப் போட்டால் தோட்டத்தில் பத்து முதல் நான்கு வரை இருக்க அனுப்புகிறார்கள். அந்தப் பெண்களுக்கு வாரத்தில் வானத்தைப் பார்க்கக் கிடைக்கும் ஆறு மணி நேரம் அதுதான்.

ஞாயிறு காலை 9.15 டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நாற்பது நிமிடப் பயணம். வழியில் ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். செல்லமுத்துவின் மயிலைப் பசு, சாம்பல் பூத்த வெள்ளை நிறக் காங்கேயம் மாடு, பத்து நாள் முன்பு செத்துவிட்டது. மாட்டு டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தபோது தேங்காய் அளவுக்கு நூலும் துணியும் சுருண்டு கிடந்திருக்கிறது. சாலை வளைவில் இருக்கும் பனியன் வேஸ்ட் குடோனிலிருந்து காற்றில் பறந்து வந்ததுதான் என்று செல்லமுத்து முடிவு கட்டி, குடோன்காரரை ஊர் நடுவே வைத்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். கலெக்டருக்கு மனு எழுதச் சொல்லி ஜெசிந்தாவிடம் வந்திருக்கிறார். முக்கால்வாசி எழுதிவிட்டாள், அன்று கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி. வயிற்றிலிருந்து எடுத்த துணியைக் கழுவிக் காயவைத்து சாட்சிக்காக அவர் கொடுத்திருந்தார், அது அவள் பையில் இருந்தது.

பஸ் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை, நிழல் கிடையாது. தோட்டம் அழகாகத்தான் இருந்தது. தக்காளி, அவரை, ஓரத்தில் வரிசையாக முருங்கை. பாத்திகளில் ஈரம் காயாமலிருக்க மண்ணுக்கு மேலும் கீழும் பனியன் கட்டிங் வேஸ்ட், அதாவது தைக்க வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை, பரப்பியிருந்தார்கள். காட்டன் துணி மட்கி உரமாகிவிடும், கம்பெனி குப்பையும் குறையும் என்பது ஜெசிந்தாவின் யோசனை. மூன்று வருடமாக மூட்டை மூட்டையாகப் புதைத்திருக்கிறாள். பள்ளிக்கூடங்களுக்குப் போய் இதைப் பற்றிப் பேசவும் செய்திருக்கிறாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மனுவைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். சாட்சித் துணியை வெளியே எடுத்து வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்த சபிதா என்ற பெண் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒடிசாக்காரி, ஒரு கம்பெனியில் நாலு வருடமாகக் கட்டிங் டேபிளில் வேலை. பச்சையில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஒரு துண்டை விரலால் இழுத்தாள், அது ரப்பர் போல நீண்டது.

"சிஸ்டர், இது குடோன் இல்ல. இது நம்ம பேக். நான் கட்டி குடுத்தது."

குழந்தைகள் லெகின்ஸ் ஆர்டரில் மிஞ்சியதாம், இரண்டு வருடம் முன்பு தோட்டத்துக்கென்று அவளே மூட்டை கட்டிக் கொடுத்தாளாம். பக்கத்துப் பாத்தியைக் கையால் கிளறி, அதே கோடு போட்ட துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். இரண்டு வருட மண்ணில் நிறம்கூட மங்கவில்லை. தீப்பெட்டி கேட்டு வாங்கி ஒரு நூலைக் கொளுத்தினாள். சுத்தமான காட்டன் சாம்பலாக உதிருமாம். இது உருகிக் கறுப்பாக மிளகு போல இறுகியது. லைக்ரா என்ற செயற்கை இழை கலந்த துணி, எத்தனை வருடமானாலும் மட்காது. அதற்கு முந்தின மாதம் அவரைக்காய் பறித்து முடித்த பாத்திகளில் மாட்டை மேய விட்டுக்கொள்ளுங்கள் என்று செல்லமுத்துவிடம் சொன்னதும் ஜெசிந்தாதான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல சபிதா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"நீங்க காட்டன் சொன்னீங்க. என்கிட்ட கேக்கல, சிஸ்டர்."

கம்பெனியில் வாயைத் திறந்து பேசு என்று வாராவாரம் இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பவள் ஜெசிந்தா. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் அவளைத் தனியே இழுத்துப் போய், மனுவைக் கிழித்துப் போடு, ஆனால் பசு விஷயத்தை எதற்குச் சொல்கிறாய், குடோன்காரரும் ஒன்றும் உத்தமர் இல்லையே என்றேன். நிலம் போனால் இருபது பெண்களும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாஸ்டலுக்குள் அடைந்து கிடக்க வேண்டும், அதை நினை என்றும் சொன்னேன். நல்ல வாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். "இதைத்தானட்டி சாயப்பட்டறைக்காரனும் சொல்லுதான், இத்தனை பேருக்கு வேலை போயிருமேன்னு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

செல்லமுத்து வீடு பக்கத்திலேயே. மாட்டுக்கொட்டகையில் தாயில்லாத கன்றுக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார், ஜெசிந்தா உட்காரவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கன்று பாலை முடிக்கும் வரை அவர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"நானு அந்த மனுசனை ஊரறியப் பேசிப்போட்டனுங்களே சிஸ்டரு."

அதுதான் அவருக்கு முதலில் வந்தது. பிறகு பாட்டிலைக் கீழே வைத்தார்.

"என்ற காட்டுல இனி ஒரு துண்டு துணி இருக்கப்படாதுங்க. அத்தனையும் பொறுக்கி எடுங்க. எடத்தைப் பத்தி அப்பறம் பேசலாமுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு குடோனுக்குக் கிளம்பினார். ஜெசிந்தாவும் கூடவே போனாள். குடோன்காரர் இருவரையும் வாசலிலேயே நிற்கவைத்துக் கால்மணி நேரம் திட்டினாராம். இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்களாம்.

மீதி நேரம் நாங்கள் எல்லோரும் துணி பொறுக்கினோம். ஒன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடும் மண்ணோடும் பின்னிக்கொண்டு வரும், தக்காளிச் செடியும் சேர்ந்து வரும். இரண்டரை மணி நேரத்தில் இருபது பேர் சேர்ந்து சுத்தம் செய்தது நான்கு பாத்தி. மொத்தம் அறுபதுக்கு மேல் இருக்கிறது. 3.30க்கு நிறுத்திக் கைகழுவிக்கொண்டு, எடுத்ததைச் சாக்கில் கட்டினோம். அந்தச் சாக்குகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் என் பையைத் திறந்தேன். சிஸ்டர்களுக்குக் கொடுக்க வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய துணி ஒரு கட்டு, சனிக்கிழமை கொடுக்க மறந்தது, இப்போது கொடுக்க மனம் வராமல் அப்படியே இருந்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் நமக்குக் காது கேட்பதில்லை போலும். ஜெசிந்தாவைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள், அந்தப் பெண்கள் காட்சிப் பொருள் அல்ல. படம் எடுக்காதீர்கள், ஹாஸ்டலில் அவர்களுக்குத்தான் தொல்லை. தடித்த ரப்பர் கையுறை, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். பழைய துணி வேண்டவே வேண்டாம். திருச்சிக்குத் திரும்ப மாலை 5.20க்குப் பேருந்து கிடைத்தது. எனக்கு இரண்டு நாளில் மொத்தச் செலவு 640 ரூபாய், தங்கியது சிஸ்டர்கள் வீட்டில்.

போன வாரம் ஜெசிந்தா பேசினாள். நாற்பது பாத்தி முடிந்துவிட்டது. நிலத்தைப் பற்றிச் செல்லமுத்து இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் கன்றைப் பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் வந்து நின்றாராம். பனியன் துணியில் திரித்த கயிற்றால் கட்டியிருந்தார், சந்தையில் வாங்கியது, கன்று அதைச் சப்பிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா எழுந்து போயிருக்கிறாள். அவர் அவளைத் தாண்டிப் பார்த்து, பாத்தியில் குனிந்திருந்த சபிதாவைக் கூப்பிட்டாராம்.

"ஏனுங்க அம்மிணி, இது என்ன துணியின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சபிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கயிற்றில் ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்து, அது உருகவே, வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். அவர் அங்கேயே கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கன்றைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்தபடி வீடு வரைக்கும் நடந்து போனாராம்.