ஈயமில்லாத சோல்டரும் என் பையில் ஒரு சன்னமும்

ஹாட்வெயார் கடைக் கவுண்டரில் நிற்பது சுகமான வேலைதான், கஸ்ரமர் வாங்குகிற சாமானை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்காத வரைக்கும். மகன் தவழ்ந்து திரிந்த காலத்தில் ஸ்காபரோவில் அப்படி ஒரு கடையில் நின்றேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலீசோடு கவுண்டருக்குப் பின்னால் நடுங்கிய உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பேச நிற்கிறவள்

செப்புக் குழாய்களைப் பொருத்த உருக்குகிற கம்பிதான் சோல்டர். எங்கள் கடையில் இரண்டு சாதி இருந்தது. ஈயம் கலந்தது மலிவு. ஈயமில்லாதது ஏறக்குறைய முழுக்க வெள்ளீயம், விலை கூட. ஈயம் நஞ்சு என்பதால் குடிதண்ணீர்க் குழாய்க்கு இதுதான் போடவேணும்.

வீட்டின் அடித்தளப் பேஸ்மென்றை வாடகைக்கு விடக் குசினி கட்டிக்கொண்டிருந்த எங்கட ஆள் ஒருவர் மலிவானதைத் தூக்கினார். "அண்ணை, குடியிருக்க வாறவை அந்தத் தண்ணியிலதானே பிள்ளைக்குப் பால்மா கரைக்கப்போகினம்?" என்று அதை வாங்கி வைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தேன். போகும்போது கோபத்தோடு கேட்டார்: "தங்கச்சி, நீ சாமான் விக்க நிக்கிறியோ, எனக்குப் பேச நிக்கிறியோ?"

ஸ்ரௌவ்வில்காரர்

சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்விலில் இருந்து ஹென்றி என்ற வெள்ளைக்காரக் கிழவர் வந்து ஈயமில்லாத சோல்டரை அள்ளிக்கொண்டு போவார். ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. வீடு முழுக்கக் குழாய் மாற்றுகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே, துவக்குக்குச் சன்னம், அதுதான் குண்டு, வார்க்கிறேன் என்றார். ரயர் ஆடாமல் ஓடப் பூட்டி, பிறகு கராஜில் கழித்துவிடுகிற சின்னப் பாரங்களை உருக்கி ஈயம் எடுப்பாராம். அது மட்டும் போட்டால் அச்சின் மூலைகளில் நிரம்பாதாம். கொஞ்சம் சோல்டர் சேர்த்தால் அதிலுள்ள வெள்ளீயம் நன்றாக ஓடவைக்குமாம். சுடுவது துவக்குக் கிளப்பில், குறி வரைந்த கடதாசி மட்டையைத்தானாம்.

மட்டை என் காதில் ஏறவில்லை, சன்னம் ஏறிவிட்டது. ரோச் பற்றரி கொண்டுபோனாலே இராணுவச் சென்றியில் மறித்து விசாரிக்கிற இடத்திலிருந்து வந்தவள் நான். எங்கள் அகதிக் கேஸ் அடுத்த மாதம் விசாரணைக்கு வர இருந்தது. சன்னத்துக்குச் சாமான் விற்றவள் யார் என்று தேடி வந்தால்? இரவு கணவரிடம் சொன்னேன். சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "கேஸ் முடியுமட்டும் உனக்குக் காது கேக்காது, விளங்குதோ?"

ஒளித்தது

அடுத்த சனி கடை திறந்ததும் அந்தச் சோல்டர் முழுவதையும் கவுண்டருக்குக் கீழே பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் தள்ளினேன். ஹென்றி வந்தார். முடிந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுக்க, பிரஷ் தேடிக் குனிந்த முதலாளி அவ்வளவையும் தூக்கி மேலே வைத்தார்.

வேலை போச்சு என்று நின்றேன். கிழவரின் முகமோ பூத்துவிட்டது. "ஆருக்கும் குடுக்காமல் எனக்கெண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறீர்! இப்பிடி ஒரு கடையும் எனக்குச் செய்யேல்லை."

நன்றிக்கடன்

அதற்கடுத்த சனி, ரிசுக் கடதாசியில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். பிரித்தேன். வெள்ளி மாதிரி மினுங்குகிற சன்னம். வெடிமருந்து இல்லாத வெறும் உலோகம்தான். ஆனால் எங்கள் வீடிருந்த டோர்செட் பார்க்குக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்தில் ஒரு பொலிஸ் கார் ஊர்ந்து வரும்போது, அதையெல்லாம் யார் யோசிக்கிறது? பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் பையைத் திறந்ததும் மகன் முதல் வேலையாக அதைத்தான் எடுத்தான். வாயில் வைத்தால் ஈயமல்லோ! பறித்து, கை கழுவி, குப்பையில் போடவும் பயந்து, வின்ரர்ச் சப்பாத்துக்குள் திணித்து அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். இவர் கதிரையில் இருந்து தலையில் கை வைத்தார். "விசாரணைக்கு இரண்டு கிழமை இருக்கேக்கை சன்னத்தோட வீட்ட வந்த அகதி நீ ஒருத்திதானப்பா."

திருப்பிக் கொடுத்தது

ஒரு கிழமை நித்திரை இல்லை. கதவு தட்டினால் முதலில் அலுமாரிக்கு மேலே பார்ப்பேன். சனி வந்ததும் சன்னத்தை ஹென்றியின் கையில் திருப்பி வைத்தேன். பிள்ளை, கேஸ், பயம் என்று மனதில் அடுக்கிக்கொண்டு போன இங்கிலீசு ஒன்றும் வாயில் வரவில்லை. "நோ, நோ, சொறி" மட்டும் வந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிச் சன்னத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீர். அடிவிளிம்பு சரியா நிரம்பேல்லை, வெள்ளீயம் போதாது. அடுத்த சனி திறமானது ஒண்டு கொண்டுவாறன்."

கோபிக்கிற கஸ்ரமர்களால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை, எங்கள் கேஸ் தப்பிப் பிழைத்தது நன்றி சொன்ன ஒருவரிடமிருந்துதான்.